மூளையின் வெண்பொருளும் அதைக் காட்டும் படமும்



சென்ற ஆண்டு என் தமக்கையார் ஒருவருக்கு நடை தளர்ந்தது. விடியுமுன் எழுந்து, கோயிலுக்குச் சென்று மீண்டு, முற்றத்தையும் கூட்டி முடித்துவிட்டுத்தான் எங்களை எழுப்புவார். அப்படிப்பட்டவர் பாதத்தை நிலத்தில் தேய்த்து, அடிமேல் அடிவைத்து நடக்கலானார். கேட்ட கேள்விக்குச் சரியான விடையையே சொல்வார். ஆனால் அவ்விடை வருவதற்குச் சற்று நேரம் பிடிக்கும். வைத்தியர் அவரைப் பார்த்து, மூளையைப் படம் பிடித்துக்கொண்டு வருமாறு சொன்னார். படத்தோடு வந்த அறிக்கையில், 'மூளையின் வெண்பொருளில் மாற்றங்கள் காணப்படுகின்றன. இரண்டாம் படி' என்று பொருள்படும் ஓர் ஆங்கில வரி இருந்தது.

அந்த ஒரு வரியை எங்கள் வீட்டில் இரண்டு விதமாக வாசித்தார்கள். "மாமியின் மூளை கரைந்துகொண்டு போகிறதாம்" என்று மருமகன் கலங்கினார். "வயது போனால் எல்லாருக்கும் இருப்பதுதானே, அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்" என்று அயல்வீட்டுப் பெரியவர் ஆறுதல் கூறினார். குடும்பத்தில் படித்தவன் என்ற பெயர் எனக்கு உண்டாதலால், அந்தத் தாள் ஈற்றில் என் கைக்கு வந்து சேர்ந்தது.

நானோ வரலாறும் தமிழும் கற்றுப் பட்டம் பெற்றவன், விஞ்ஞானம் கற்பித்தவனல்லன். ஆயினும், ஒரு சொல்லின் பொருளை அறியாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டாதீர்கள் என்று முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகின்றவன், அந்தத் தாளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட முடியுமா? வைத்தியரிடம் கேட்டும் நூல்களைத் தேடிப் படித்தும் நான் விளங்கிக்கொண்டதையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். மேற்சொன்ன இரண்டு வாசிப்புகளுமே முழு உண்மை ஆகா என்பது போகப்போகத் தெளிவாகும்.

முதலில், வெண்பொருள் என்பது யாது? மூளையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், வெளிப்புறத்தில் சாம்பல் நிறமான ஒரு படையும் உட்புறத்தில் வெண்மையான பகுதியும் தெரியும். இவ்வேறுபாட்டை வெசாலியஸ் என்னும் உடற்கூற்றறிஞர் 1543 ஆம் ஆண்டில் வெளியான தமது பெருநூலிலேயே எடுத்துக்காட்டியிருக்கிறார். நரம்புக் கலங்களின் உடல்கள் பெரும்பாலும் சாம்பற் பொருளில் இருக்கின்றன. அக்கலங்களிலிருந்து புறப்படும் நீண்ட நார்கள் வெண்பொருளில் ஓடுகின்றன. நார்களைச் சுற்றிக் கொழுப்பு மிகுந்த ஓர் உறை உண்டு. அந்த உறையின் நிறமே வெண்பொருளுக்கு வெண்மையைத் தருகிறது. ஜெர்மன் அறிஞர் விர்ஹோ 1854 இல் அதற்கு மயலின் என்று பெயரிட்டார்.

மின்கம்பிக்கு மேலே இறப்பர் உறை இருப்பதைப் போன்றது மயலின் உறை என்று சொல்வதுண்டு. அது பாதி உவமையே. இறப்பர் உறை மின்சாரம் கசியாமல் காப்பதோடு நின்றுவிடும். மயலின் உறையோ செய்தியின் வேகத்தையும் கூட்டுகிறது. உறையில்லாத மெல்லிய நாரில் செய்தி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர் தூரமே செல்லும். தடித்த உறையுள்ள நாரில் செக்கனுக்கு நூறு மீற்றர் வரை பாயும். மூளையின் வலப் பாதியையும் இடப் பாதியையும் இணைக்கும் பாலத்தில் மாத்திரம் ஏறக்குறைய இருபது கோடி நார்கள் உள்ளன. டென்மார்க் நாட்டு அறிஞர்கள் 2003 இல் வெளியிட்ட கணக்கின்படி, இருபது வயது ஆணின் மூளையிலுள்ள உறையிட்ட நார்களை ஒன்றோடொன்று தொடுத்தால் அவற்றின் நீளம் ஏறத்தாழ 1,76,000 கிலோமீற்றர் ஆகும். பெண்ணின் மூளையில் 1,49,000 கிலோமீற்றர். இளமையில், பூமியை ஏறத்தாழ நான்கு முறை சுற்றி வரக்கூடிய நீளத்தை ஒவ்வொருவரும் தலைக்குள் சுமந்து திரிகிறோம். அதே கணக்கின்படி, எண்பது வயதாகும்போது அந்நீளத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு குறைந்துவிடுகிறது.

இதை அறிந்தபோது என் தமக்கையாரின் நிலை எனக்குச் சற்று விளங்கிற்று. ஒரு பாடசாலையில் ஆசிரியர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். நூல்நிலையத்தில் நூல்களும் இருக்கின்றன. ஆனால் வகுப்புக்கு வகுப்பு செய்தி கொண்டுசெல்லும் வழி பழுதாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அறிவு அங்கே இருக்கிறது. அது வேண்டிய இடத்துக்கு வேண்டிய நேரத்தில் போய்ச் சேர்வதில்லை. வெண்பொருள் பழுதடைந்தவர்களிடம் பெரும்பாலும் காணப்படுவது இதுவே. சிந்தனை மெதுவாகிறது, இரண்டு வேலைகளை ஒருங்கே செய்வது கடினமாகிறது, நடை குறுகுகிறது, சிலருக்குச் சிறுநீரை அடக்குவதும் இயலாமற் போகிறது. அல்சைமர் நோயில் நினைவு அழிவதே தொடக்கத்தில் முதன்மையாகத் தோன்றும். இங்கே வேகம் குறைவதே முன்னிற்கும். முதியவர் பலரிடம் இவ்விரண்டும் கலந்தே இருப்பதும் உண்டு.

இனி, மண்டையோட்டுக்குள் மறைந்திருக்கும் இப்பொருளை மனிதன் எவ்வாறு கண்டான் என்பதைப் பார்ப்போம். இரத்தக்குழாய்கள் தடித்துப்போனவர்களின் வெண்பொருள் தேய்ந்திருப்பதை ஜெர்மனியில் பின்சுவாங்கர் என்னும் வைத்தியர் 1894 ஆம் ஆண்டிலேயே விவரித்தார். ஆனால் அக்காலத்தில் அதை இறந்தவரின் மூளையில்தான் காண முடிந்தது. மறு ஆண்டில் ரொன்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ் கதிர்கள் எலும்பைக் காட்டின. எலும்புக்குள்ளே இருக்கும் மென்மையான மூளையைக் காட்டவில்லை. 1971 ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி, லண்டன் மாநகரின் தென்புறத்து வைத்தியசாலை ஒன்றில், ஹவுன்ஸ்பீல்ட் என்னும் பொறியியலாளர் அமைத்த யந்திரம் உயிரோடிருக்கும் ஒருவரின் மூளையை முதன்முதலாகத் துண்டு துண்டாகப் படம் பிடித்துக் காட்டியது. அதுவே சி. ரி. ஸ்கான். அதற்குப் பிறகு வந்தது காந்தத்தின் துணைகொண்டு படமெடுக்கும் எம். ஆர். ஐ. என்னும் முறை. அதற்கு வழிகோலிய லோட்டர்பர், மான்ஸ்பீல்ட் ஆகிய இருவருக்கும் 2003 ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

நேயர்களே, வானொலி கேட்கும் உங்களுக்கு இந்த யந்திரம் அந்நியமானதன்று. அதுவும் வானொலி அலையைக் கொண்டே வேலை செய்கிறது. நம் உடம்பின் பெரும்பகுதி நீர். நீரின் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் இரண்டு ஐதரசன் அணுக்கள் உள்ளன. அவ்வணுக்களின் கருக்கள் சின்னஞ்சிறு காந்தங்களைப் போன்றவை. வைத்தியசாலைகளில் பெரிதும் பயன்படும் யந்திரத்தின் காந்த வலிமை 1.5 டெஸ்லா, இது பூமியின் காந்தத்தைவிட முப்பதாயிரம் மடங்கு அளவில் வலியது. நோயாளி அக்காந்தத்தினுள் படுத்திருக்கையில் ஏறத்தாழ 64 மெகாஹேர்ட்ஸ் அலையை யந்திரம் செலுத்துகிறது. 3 டெஸ்லா யந்திரமாயின் அது 128 மெகாஹேர்ட்ஸ். நாம் கேட்கும் பண்பலை ஒலிபரப்பு 88 முதல் 108 வரை இருப்பதால், அது இவ்விரண்டுக்கும் இடையில் அமைகிறது. ஐதரசன் கருக்கள் அந்த அலையை ஏற்று, யந்திரம் வாய் மூடியதும், தாமும் மெல்லிய குரலில் மறுமொழி சொல்கின்றன. அம்மறுமொழியைக் கேட்டே யந்திரம் படம் வரைகிறது.

மறுமொழி எவ்வளவு நேரம் ஒலித்து அடங்குகிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது. மயலின் உறைகள் நெருங்கியுள்ள நல்ல வெண்பொருளில் அக்குரல் விரைவில் அடங்குகிறது. தங்கு தடையின்றி நிற்கும் நீரில் நெடுநேரம் ஒலிக்கிறது. நெடுநேரம் ஒலிப்பதை வெளிச்சமாகக் காட்டும் ஒரு வகைப் படம் உண்டு. அதில் நலமான வெண்பொருள் கருமையாகவும், உறை கெட்டு நீர் மிகுந்துபோன இடம் வெண்மையாகவும் தோன்றும். இங்கே ஒரு மயக்கம் நேர்வதுண்டு. வெண்பொருள் என்ற பெயரைக் கேட்டுவிட்டு, படத்திலுள்ள வெள்ளைப் புள்ளிகளே நல்ல பகுதி என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அப்படத்தில் வெள்ளையாகத் தெரிவதே பழுது.

இதிலும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகள் உள்ளன. அவையும் வெளிச்சமாகவே தெரியும். அவ்வறைகளின் கரையோரத்தில் உண்டாகும் பழுது அவ்வெளிச்சத்தோடு கலந்து மறைந்துவிடும். கோயில் திருவிழாவில் மேளம் முழங்கும்போது, அருகே அழும் குழந்தையின் குரல் கேட்பதில்லை. மேளம் ஓய்ந்தால்தான் கேட்கும். அறைநீரின் குரலை மாத்திரம் அடக்கிவிட்டு மற்றவற்றைக் கேட்கும் உபாயத்தை லண்டன் ஹமர்ஸ்மித் வைத்தியசாலை அறிஞர்கள் 1992 ஆம் ஆண்டளவில் வெளியிட்டார்கள். பிளேயர் என்பது அதன் பெயர். இன்று வெண்பொருளைப் பார்க்க விரும்பும் வைத்தியர் முதலில் கையிலெடுப்பது பிளேயர் படத்தைத்தான்.

வெள்ளைப் புள்ளி தெரிந்துவிட்டால் வேலை முடிந்துவிடுகிறதா? இல்லை. அங்கேதான் தொடங்குகிறது. படத்தை வாசிக்கும் நிபுணர் நான்கு கேள்விகளைக் கேட்கிறார்.

முதற் கேள்வி: எங்கே, எவ்வடிவில்? சிறு இரத்தக்குழாய்கள் தடித்ததால் வரும் பழுது, நீரறைகளின் முனைகளில் தொப்பி வைத்தாற்போலவும், கரையோரத்தில் கோடு இழுத்தாற்போலவும் தொடங்கும். ஆழப் பகுதிகளில் சிறு புள்ளிகளாகவும் தோன்றும். பெரும்பாலும் இரு பக்கமும் ஒத்திருக்கும். இளவயதினரைப் பிடிக்கும் மல்ரிப்பிள் ஸ்குளுரோசிஸ் என்னும் நோயில், உடம்பின் காவற்படையே மயலினைத் தாக்குகிறது. அதன் புள்ளிகள் முட்டை வடிவாய், நீரறைக்குச் செங்குத்தாய், விரல்களை நீட்டினாற்போல நிற்கும். அவ்வமைப்பை எடின்பரோவிலிருந்து 1916 இல் விவரித்தவரின் பெயரால் அவற்றை டோசனின் விரல்கள் என்பர். இரு பாதிகளையும் இணைக்கும் பாலத்திலும் முள்ளந்தண்டு வடத்திலும் அப்புள்ளிகள் காணப்படும். குழந்தைகளுக்குப் பரம்பரையாக வரும் வெண்பொருள் நோய்களுக்கு வேறு கோலங்கள் உண்டு. கோலத்தைக் கண்டு நோயை ஊகிப்பது, கையெழுத்தைக் கண்டு மாணவனை அறிவது போன்றதோர் அனுபவம்.

இரண்டாங் கேள்வி: புதியதா, பழையதா? கடோலினியம் என்னும் மருந்தை நரம்பில் ஏற்றிப் படமெடுத்தால், இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையேயுள்ள காவல் அண்மையில் உடைந்த இடத்தில் அது கசிந்து ஒளிரும். காவல் மூடிவிட்ட பழைய புள்ளி ஒளிராது. இக்கேள்வி மல்ரிப்பிள் ஸ்குளுரோசிஸ் நோயாளிக்கு மிகவும் முக்கியமானது. எல்லாருக்கும் அம்மருந்து தேவைப்படுவதில்லை.

மூன்றாங் கேள்வி: எவ்வளவு? ஒஸ்திரியா நாட்டு வைத்தியர் பாசேகாசும் அவர்தம் குழுவினரும் 1987 ஆம் ஆண்டில் ஓர் எளிய அளவுகோலை வகுத்தார்கள். ஆழப் பகுதியில் ஒன்றுமில்லையாயின் பூச்சியம். தனித்தனிப் புள்ளிகளாயின் ஒன்று. புள்ளிகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கினால் இரண்டு. சேர்ந்து பெரும் பரப்பாகிவிட்டால் மூன்று. நீரறையின் கரையோரத்துக்கும் இவ்வாறே படிகள் உள்ளன. என் தமக்கையாரின் அறிக்கையிலிருந்த 'இரண்டாம் படி' என்ற சொல்லின் பொருள் இதுதான். இன்று கணினியே புள்ளிகளை அடையாளங்கண்டு, அவற்றின் கனவளவைக் கன சென்ரிமீற்றரிற் கூறிவிடுகிறது. ஆண்டுதோறும் எவ்வளவு கூடியது என்பதையும் இதனால் அறியலாம். எனினும் கணினி சில வேளைகளில் பழைய பாரிசவாத வடுவையும் இப்புள்ளிகளோடு சேர்த்து எண்ணிவிடும். ஆதலால் நிபுணரின் கண் இன்னும் வேண்டியிருக்கிறது.

நான்காங் கேள்வி: கண்ணுக்கு நலமாகத் தெரியும் பகுதியின் உள்ளமைப்பு எப்படி? வைக்கோற் கற்றையில் நீரை ஊற்றினால், தாள்களின் நீளப்போக்கில் அது எளிதாக ஓடும், குறுக்கே ஓடாது. கற்றை நைந்துபோனால் நீர் எப்பக்கமும் பரவும். மூளைநார்களினூடே நீர் பரவும் திசையை அளந்து எண்ணாகச் சொல்லும் முறையை அமெரிக்காவில் பாசர் என்பவரும் அவர் தோழர்களும் 1994 ஆம் ஆண்டில் வகுத்தளித்தார்கள். நீர் ஒரே திசையிற் சென்றால் அந்த எண் ஒன்றை நெருங்கும். எத்திசையிலும் ஒரே அளவாகப் பரவினால் பூச்சியத்தை நெருங்கும். பிளேயர் படத்தில் எவ்வித வெண்மையும் தெரியாத பகுதியிலும் இவ்வெண் தாழ்ந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே நாம் காணும் வெள்ளைப் புள்ளி பழுதின் தொடக்கமாக இராமல், நெடுநாளாக நடந்துவந்ததொன்றின் வெளித்தோற்றமாகவே இருத்தல் கூடும்.

இப்போது எங்கள் வீட்டின் இரண்டு வாசிப்புகளுக்கு வருவோம். அயல்வீட்டுப் பெரியவர் கூறியது பாதி உண்மை. ஒல்லாந்து நாட்டின் ரொட்டர்டாம் நகரில், அறுபது முதல் தொண்ணூறு வயது வரையுள்ள ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் படமெடுத்துப் பார்த்தார்கள். 2001 இல் வெளியான அதன் முடிவின்படி, ஒரு புள்ளியும் இல்லாதவர்கள் நூற்றுக்கு ஐவரே. ஆனால் எல்லாருக்கும் இருப்பதனால் அது தீங்கற்றதாகிவிடாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2010 இல் வெளியான கணக்கு ஒன்று, இம்மாற்றம் உள்ளவர்களுக்குப் பாரிசவாதம் வரும் அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்றும், அறிவு மங்கும் நோயின் அபாயம் இரண்டு மடங்கு என்றும் காட்டியது. மருமகன் கலங்கியதிலும் பாதி உண்மை உண்டு என்பது இதனால் தெரிகிறது. எனினும் அபாயம் கூடுகிறது என்பது வேறு, அது நேர்ந்தே தீரும் என்பது வேறு. படத்தில் புள்ளிகள் நிறைந்திருந்தும் நன்றாக நடமாடுவோர் உளர். ஒற்றைத்தலைவலிக்காரர் சிலரின் படங்களிலும் சிறு புள்ளிகள் காணப்படுகின்றன.

இன்னொன்றையும் இங்கே கூறவேண்டும். கனடா நாட்டின் ஹச்சின்ஸ்கி என்னும் அறிஞரும் தோழர்களும் 1987 இல் இம்மாற்றத்துக்குப் பெயரிட்டபோது, வெண்மை நெகிழ்தல் என்று மாத்திரம் பொருள்படும் ஒரு கிரேக்கச் சொல்லைப் படைத்தார்கள். காண்பதற்குப் பெயரிடுவோம், காரணம் தெரியுமுன் காரணத்தைப் பெயரிற் சேர்க்கமாட்டோம் என்பது அவர்கள் நோக்கம். 2013 இல் பல நாட்டறிஞர் கூடி வகுத்த பெயரிலும், 'இரத்தக்குழாய்வழி வந்ததென ஊகிக்கப்படும்' என்ற சொற்றொடரைச் சேர்த்தார்கள். படம் இடத்தையும் அளவையும் காட்டும். காரணத்தைப் படத்தோடு நோயாளியையும் வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

அந்தக் காரணங்களுள் நம் கைக்கு எட்டக்கூடியது எது? வெண்பொருளின் ஆழத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் நீண்டு மெலிந்தவை. அவற்றுக்கு மாற்றுவழி அரிது. குளத்து வாய்க்காலின் கடைசி வயலை நினைத்துப் பாருங்கள். நீர் குறைந்தால் முதலில் வாடுவது அந்த வயலே. இரத்த அழுத்தம் பல்லாண்டுகள் மிகுந்திருந்தால் அக்குழாய்களின் சுவர் தடித்து, உள்வழி ஒடுங்கிவிடுகிறது. முதுமைக்கு அடுத்தபடியாக இம்மாற்றத்தோடு நெருங்கிய தொடர்புடையது உயர் இரத்த அழுத்தம். புகைத்தலும் நீரிழிவும் அதற்குத் துணை செய்கின்றன.

அழுத்தத்தைக் குறைத்தால் பயன் உண்டா என்று அமெரிக்காவில் சோதித்தார்கள். ஒரு சாராருக்கு மேல் அளவு 120 க்குக் கீழும், மற்றச் சாராருக்கு 140 க்குக் கீழும் இருக்குமாறு மருந்து கொடுத்தார்கள். ஏறத்தாழ நான்கு ஆண்டுகளின் பின் மீண்டும் படம் பிடித்தார்கள். 2019 இல் முடிவு வெளியாயிற்று. முதற் சாராரின் வெண்பொருட் பழுது 0.92 கன சென்ரிமீற்றரும், மற்றவர்களுடையது 1.45 கன சென்ரிமீற்றரும் கூடியிருந்தன. பழுது மறையவில்லை, இரு சாராரிடத்தும் கூடவே செய்தது. ஆனால் கூடும் வேகத்தை மனிதனால் குறைக்க முடிந்தது. எவ்வளவு குறைக்கலாம் என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். முதியவருக்கு அழுத்தம் அளவுமீறித் தாழ்ந்தால் மயங்கி விழவும் கூடும்.

இவ்வளவையும் அறிந்த பின்னர், தமக்கையாரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "அக்கா, பிறஷர் குளிசையை ஒழுங்காகப் போடுகிறீர்களா?" சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "தலைச்சுற்று ஒன்றும் இல்லையே, தம்பி. இரண்டு வருஷத்துக்கு முந்தியே விட்டுவிட்டேன்" என்றார். உயர் இரத்த அழுத்தம் வலிப்பதில்லை. கேட்காதவரிடம் அது தன் பெயரைச் சொல்வதுமில்லை. அந்த வாரமே நானும் என் அழுத்தத்தை அளந்து பார்த்தேன். 160 க்கு 100. எனக்கும் தலைச்சுற்று இருந்ததில்லை.

நேயர்களே, உங்கள் வீட்டுக்கும் இத்தகைய அறிக்கை ஒன்று வரக்கூடும். அப்போது வைத்தியரிடம் கேட்கவேண்டியவை சில. மாற்றம் எங்கே இருக்கிறது, எத்தனையாம் படி, வயதுக்கு மிஞ்சியதா, எந்தக் காரணத்தால் வந்ததென்று எண்ணுகிறீர்கள், இரத்த அழுத்தம் எவ்வளவாக இருக்க வேண்டும்? படமெடுக்கச் செல்வோர் இதயத்துடிப்புக் கருவியோ உடம்பினுள் உலோகமோ இருப்பின் முன்னரே சொல்லிவிட வேண்டும். யந்திரம் பெருஞ் சத்தமிடும். அரை மணிநேரம் அளவில் அசையாமற் படுத்திருக்க வேண்டும். எக்ஸ் கதிர் அங்கே இல்லை.

என் தமக்கையார் இப்போது கைத்தடியோடு நடக்கிறார். காலைத் தேநீர் குடித்தவுடன் குளிசையைப் போட்டுக்கொள்கிறார், நானும் அவ்வாறே. கேள்வி கேட்டால் அவருடைய விடை இன்றும் தாமதித்தே வருகிறது. ஆனால் அது எங்கே தாமதிக்கிறது என்று தெரிந்துகொண்டதால், இடையிற் குறுக்கிடாமல் காத்திருக்க நாங்கள் பழகிக்கொண்டோம்.